ஆறு கட்டில், நாலரைப் பேர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஓய்வு பெற்றவர்களை எல்லாம் போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சால்வை போட்டபோது, உங்களில் ஒரு பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏனுங்கக்கா, ஐ.சி.யூ.வுல ஆறே கட்டில்தானுங்க. அப்பறம் எப்படிங்க இப்படி இடுப்பு ஒடியுது?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்ததும் நினைப்பு பிடித்துக்கொண்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே, வேலை முடியாததற்குத் தன்னிடம்தான் குறை என்று அந்தப் பெண் எண்ணிக்கொள்வாளோ என்று மூன்று நாளாக இதே யோசனை. அதனால்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாக்கியம் எங்காவது கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தையும் மெஷினையும் பற்றி டாக்டர்களும் சிஸ்டர்களும் உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஆறு கட்டில் எப்படி வருஷத்துக்கு வருஷம் கனத்தது, அதை யாரும் நம்பாதபோது நாங்கள் எப்படி நம்பவைத்தோம், அதில் எங்கள் லெட்சுமியக்காவின் வேலை எப்படித் தப்பியது என்பதுதான் விஷயம். நாங்கள் ஜெயித்தோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப்போல நீங்களும் பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

நான் சேர்ந்த காலத்தில் குன்னூரில் இந்த ஆஸ்பத்திரியைச் சுற்றுவட்டார எஸ்டேட்டுகள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்து நடத்தின. ஐ.சி.யூ.வில் காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை உதவியாளர்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. இன்னொருவர் மாதண்ணன், பக்கத்து மலைக்கிராமமான ஹட்டியைச் சேர்ந்த படகர். நோயாளியைத் தூக்கினால் பூக்கூடையைத் தூக்குவதுபோல இருக்கும். மூன்றாவது லெட்சுமியக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டு, இங்கே வந்தும் பல வருஷம் கொழுந்து பறித்தவர். ஆஸ்பத்திரியில் அவர் தற்காலிகம். அந்தத் தற்காலிகம் ஆறு வருஷம் நீண்டது.

அன்றைய நோயாளிகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நெஞ்சுவலி என்று வந்தவர் மறுநாள் காலையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "ஏனுங்க, சக்கரை தூக்கலா ஒரு காப்பி கெடைக்குமுங்களா?" என்பார். அருவங்காட்டு ஃபேக்டரிக் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர் தன் கட்டில் விரிப்பைத் தானே மடித்ததோடு, நான் மடிப்பது சரியில்லை என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். மத்தியானம் நாங்கள் மூவரும் ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து பஞ்சு உருட்டுவோம், காஸ் துணி வெட்டி மடிப்போம்.

அந்த ஜன்னலோரத்தில்தான் லெட்சுமியக்கா நோயாளிகளை அளக்க ஆரம்பித்தார். எஸ்டேட்டில் ஓர் ஆள் பார்க்கும் முழு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பார்கள். பாதி நாள் பார்த்தால் அரைப் பேர். அக்காவுக்கு வேறு அளவு தெரியாது. "மூணாங் கட்டிலு கால் பேரு. அஞ்சாங் கட்டிலுக்கு ஒரு முழுப் பேரு வேணும், பாத்துக்க" என்று காலையில் ஒரு நடை நடந்து சொல்லிவிடுவார். நோயின் பெயர் தெரியாமலேயே யாருக்கு எவ்வளவு கை தேவை என்று அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் அதை எழுதிவைக்க ஆரம்பித்தது வேறு காரணத்துக்காக. வீட்டுக்குப் போனால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஆக்ஸிஜன் திருகைப் பார்த்தோமா, இரண்டாம் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றினோமா என்று மனது திரும்பத் திரும்ப வார்டுக்கே போய் நிற்கும். அதனால் ஷிப்டு முடிந்ததும் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் கட்டில்வாரியாகப் பென்சிலால் குறிப்பேன். யாருக்கு எவ்வளவு வேலை பார்த்தோம் என்று மூவரும் சேர்ந்து சொல்லி, கீழே கூட்டி எழுதுவேன். அந்த நாட்களில் மொத்தம் ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டு, சில நாள் இரண்டேகால். எழுதிக் கம்பியில் குத்திவிட்டால் கொஞ்சம் தூக்கம் வரும்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது.

பச்சை இலைக்கு விலை கிடைக்கவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் பறிக்காமலே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு மரமாகிப் போனது. எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்குப் பக்கத்திலிருந்த டிஸ்பென்சரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. முன்பு சளி பிடித்ததும் அங்கே போய் மாத்திரை வாங்கியவர்கள், இப்போது அது நெஞ்சில் இறங்கி மூச்சு முட்டிய பிறகு எங்களிடம் வந்தார்கள்.

கனத்துக்கு அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். மூச்சு மெஷின் ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. முன்பானால் மலைப்பாதை வளைவிலேயே உயிர் போயிருக்கக்கூடியவர்கள் கட்டில் வரை வந்து சேர்ந்தார்கள். காப்பி கேட்கிற நெஞ்சுவலிக்காரர்கள் சாதாரண வார்டிலேயே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே ஆறு கட்டில். உள்ளே படுத்திருந்தவர்கள் மட்டும் வேறு.

இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளாமல் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். நிமோனியாவோடு ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா வந்தார். எப்போது கேட்டாலும், "நல்லாத்தாம்மா இருக்கேன். நாளைக்கு அனுப்பிச்சுருவீங்களா?" என்பார். முனகல் கிடையாது, தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். நானும் நம்பி, 'அரைப் பேர்' என்று மனதில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். தான் குணமாகிவிட்டதை டாக்டருக்குக் காட்ட அந்த அம்மா ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றிவைத்துவிட்டு, எழுந்து நின்று போர்வையை மடித்திருக்கிறார். தொப்பென்று சத்தம் கேட்டு ஓடினேன். உதடு நீலம். மாதண்ணன் தூக்கிப் போட்டு, சிஸ்டர் ஓடிவந்து, உயிர் திரும்பியது. கண்ணைத் திறந்ததும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை: "செக்ரோல்ல பேர எடுத்துருவாகம்மா. இருக்கறதே மூணு நாள் வேலை."

செக்ரோல் என்றால் எஸ்டேட்டின் ஆள் பதிவேடு. அந்தக் காலத்தில் நோயைவிட வேலை போவதற்குத்தான் அதிகம் பயந்தார்கள். அதனால் வாய் சொல்வதை நம்பாமல், பேசும்போது ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். நீங்களும் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் நாலாம் கட்டிலுக்கு வந்தார். நல்ல பருமன். ஏதோ நரம்பு நோய். காலில் ஆரம்பித்துக் கையும் விழுந்து, கடைசியில் மூச்சும் நின்று, மெஷினில் இருந்தார். ஆனால் நினைவு முழுதாக இருந்தது. பேச முடியாது, கண்ணை மட்டும் சிமிட்டுவார். ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தலையையும் குழாயையும் பிடிக்க ஒருவர், இடுப்புக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். மெதுவாகச் செய்தால் நிச்சயம் குணமாவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த மாதம் அறக்கட்டளையின் செயலாளர் எங்கள் பிரிவுக்கு வந்தார். வாழ்நாள் முழுக்கத் தேயிலை ஃபேக்டரி நடத்தியவர், நல்ல மனிதர். எஸ்டேட்டுகளிலிருந்து வரவேண்டியது வருவதில்லை, எங்கேயாவது குறைத்தாக வேண்டும் என்ற நிலை அவருக்கு. கதவருகே நின்றபடியே சொன்னார்.

"ஏனுங்கம்மா, அன்னிக்கும் ஆறு கட்டில், இன்னிக்கும் ஆறு கட்டில். நான் முந்தி வந்தப்பெல்லாம் மூணு பேரும் வெயில்ல உக்காந்து பஞ்சு உருட்டிட்டிருந்தீங்க. மாசக் கடைசியோட ஒரு ஆள நிறுத்திக்கலாமுங்க."

அந்த ஒரு ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. தற்காலிகம் ஒருவர்தானே. லெட்சுமியக்காவின் வீட்டுக்காரர் வேலை பார்த்த இலை ஃபேக்டரி மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருத்திதான்.

எனக்கு ஒரே ஒரு தைரியம்தான் இருந்தது. அது கம்பியில் குத்தியிருந்த காலண்டர் தாள்கள். ஆறு வருஷத்துத் தாள்களையும் கட்டி எடுத்துக்கொண்டு, நர்ஸுகளுக்குத் தலைமையான எங்கள் பெரிய சிஸ்டரோடு செயலாளர் அறைக்குப் போனேன். சிஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவர் பக்கத்தில் நின்றால் எனக்குப் பேச்சு வரும். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே இருந்த தாள்களை நிதானமாகப் புரட்டினார்.

"போன மாசம் மூணு. போன வருஷமும் மூணு. அதுக்கு முந்தின வருஷமும் மூணு. ஒரு நாள்கூட மூணைத் தாண்டலீங்களே? மூணு ஆளு இருந்தா மூணு ஆளு வேலை வருது. ரெண்டு ஆளு இருந்தா ரெண்டுதான் வரும். வேலைங்கறது இழுத்தா நீளுமுங்க, சுருக்குனா சுருங்குமுங்க." தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி என்னிடமே கொடுத்தார். "உங்க தாளே சொல்லுதுங்களே."

திரும்பி வந்து கழுவும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். லெட்சுமியக்கா வந்தார்.

"என்னா புள்ள சரசு, தொரை என்னா சொன்னாக?"

"என் தாளே உங்களை அனுப்பிருச்சுங்கக்கா."

அவர் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முந்தின நாள் தாளை எடுத்தார்.

"நேத்து ஆறாங் கட்டிலுக்கு வாய் சுத்தம் பண்ணினியா?"

"இல்லீங்க. எங்க நேரம்?"

"குந்தாக்காரர எத்தன வாட்டி திருப்பினம்?"

"ரெண்டு."

"எத்தன வாட்டி திருப்பணும்?"

"நாலு."

"அது இதுல எங்க இருக்கு? காட்டு பாப்பம்."

தாளை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினேன்.

"கூடையில விழுந்த கொழுந்த மட்டும் நிறுத்து நிறுத்து எழுதியிருக்க. செடியில விட்டுட்டு வந்த கொழுந்த யாரு நிறுப்பா? ஒங்க அப்பனா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. செய்த வேலையை மட்டும் எழுதினால், மூன்று பேர் இருக்கும் இடத்தில் கூட்டுத்தொகை மூன்றுக்கு மேல் எப்படிப் போகும்? நாள் முழுக்க ஓடி ஓடிச் செய்ததைப் பெருமையாக எழுதியிருந்தேன். செய்யாமல் விட்டதை எழுத வெட்கப்பட்டு ஒதுக்கிவிட்டேன். எஸ்டேட்டானாலும் ஆஸ்பத்திரியானாலும், விட்ட வேலையைத் தானாக வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. சொன்னால் பேர் போய்விடும்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். இனிமேல் விட்ட வேலையையும் எழுதி வட்டம் போடுகிறேன் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் பயம் வந்துவிட்டது. "சிஸ்டர், நாளைக்கு யாராவது எடுத்துப் பாத்தா, இந்த ஆஸ்பத்திரியில நோயாளியைக் கவனிக்கலைன்னு நாமளே எழுதிக்கொடுத்த மாதிரி ஆயிருமுங்களே?"

"ஆகும். அடியில நான் கையெழுத்துப் போடறேன். மொதல்ல என்னைத்தான் கேப்பாங்க."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"இருக்கு. நீ எழுது."

மாதம் முடியப் பதினைந்து நாள் இருந்தது. எழுத ஆரம்பித்தோம். திருப்பாத திருப்பல், மாற்றாத விரிப்பு, சுத்தம் செய்யாத வாய், உட்காரவைக்காத நோயாளி, எல்லாவற்றுக்கும் வட்டம். மாலையில் சிஸ்டர் அவற்றைச் செய்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கூட்டுவார். ஒரு நாள் அது ஓர் ஆளின் முழு நாளாக இருக்கும். இன்னொரு நாள் ஒன்றரை. மாதண்ணன் முதல் தாளைப் பார்த்துவிட்டு, "சரசு, இது அம்மைபோட்ட மூஞ்சி மாதிரி இருக்குதே" என்றார்.

அப்படி எழுத ஆரம்பித்த ஒன்பதாம் நாள் நடந்ததுதான் எனக்குப் பெரிய பரீட்சை. கேத்தியில் முட்டைக்கோசுக்கு மருந்தடித்த ஒருவர், காற்று எதிர்த்து வீசுவதைப் பார்க்காமல் அடித்திருக்கிறார். வாயில் நுரை தள்ளி, உடம்பு வெட்டி இழுக்க, தோட்டத்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். அவரைப் பிடித்துக்கொள்ளவும், வாயிலிருந்து வழிவதைச் சிஸ்டர் உறிஞ்சி எடுக்க எடுக்கத் துடைக்கவும் மாதண்ணனும் லெட்சுமியக்காவும் போய்விட்டார்கள். அதே நேரம் இரண்டாம் கட்டிலில் இருந்த வயதான அம்மா, நினைவு தப்பிய நிலையில் தன் மூச்சு மெஷின் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். விட்டால் குழாய் வந்துவிடும். சுவரில் மணி பதினொன்று. குந்தாக்காரரைத் திருப்ப வேண்டிய நேரம்.

எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் செய்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றும். செய்யாதீர்கள். ஒன்றை விடுவதென்றால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். நான் நாலாம் கட்டிலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "அண்ணா, உங்களத் திருப்போணும், நேரமாயிருச்சுங்க. இப்ப வர முடியாது. இவங்க கொழாய விட்டா உசுரு போயிருமுங்க. தெரியுதுங்களா?"

ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார்.

ஒரு மணிக்கும் போக முடியவில்லை. மூன்று மணிக்குத்தான் மூவருமாகப் போய்த் திருப்பினோம். முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. புண்ணின் தொடக்கம் அதுதான். கேத்திக்காரர் பிழைத்தார், அந்த வயதான அம்மாவின் குழாய் தப்பியது, ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்பு. அன்றைய தாளில், 'நாலாம் கட்டில், இரண்டு முறை திருப்பவில்லை, முதுகு சிவந்துள்ளது' என்று எழுதி வட்டம் போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பென்சில் முனை இரண்டு முறை உடைந்தது.

வெளியே குந்தாக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று போய்ச் சொன்னேன். நன்றாகத் திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர், "ஏனுங்க, நான் இங்கியேதானுங்க உக்காந்திருக்கறேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா காலப் புடிச்சிருப்பேனுங்களே?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அந்தக் கோபம் நியாயம். மறுநாளிலிருந்து அவருக்குக் கைகழுவக் கற்றுக்கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டோம்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி செயலாளர் அறை. இந்த முறை லெட்சுமியக்காவும் கூட வந்தார். செயலாளர் புதுத் தாள்களைப் பார்த்தார். நாலு, நாலேகால், நாலரை. வட்டங்களை விரலால் தடவினார். ஆனாலும் அவர் கேள்வி கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

"இந்த ரெண்டு வாரம் சீக்கு சாஸ்தின்னு வெச்சுக்குங்க. அடுத்த மாசம் கொறஞ்சிருச்சுன்னா? இதுக்கு முந்தி இப்படி இருந்துச்சுன்னு எதை வெச்சுங்க நம்பறது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பத்து நாளாக இதே கேள்வியைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வருகிற எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே பயப்படுவதில் ஒரு லாபம் உண்டு. பதிலும் கொஞ்சம் தயாராக இருக்கும். பழைய தாள்களின் கட்டை அவிழ்த்து, மேஜைமேல் வருஷவாரியாகப் பரப்பினேன்.

"சார், இது நான் எழுத ஆரம்பிச்ச வருஷமுங்க. ஒண்ணேமுக்கா, ரெண்டு, ஒண்ணரை, ரெண்டேகா. நோயாளி மாற மாற ஏறுது, எறங்குது பாருங்க. அடுத்த வருஷம் கொஞ்சம் மேல. அதுக்கடுத்த வருஷம் இன்னும் மேல. அப்பவும் ஏத்த எறக்கம் இருக்குதுங்க. இந்த ரெண்டு வருஷத்தை மட்டும் பாருங்க. மூணு, மூணு, மூணு. ஒரு நாள்கூட எறங்கலை. நோயாளிங்க தெனமும் மாறறப்போ வேலை மட்டும் எப்படிங்க ஒரே மாதிரி நிக்கும்? தொட்டி நெறஞ்சு போனாத்தானுங்க தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். மீதி வெளிய வழிஞ்சு போகுதுங்க சார். அது எங்களுக்கே தெரியலீங்க."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "ஃபேக்டரியில தெனமும் லோடு ஒரே அளவு காமிச்சா என்ன அர்த்தம் தெரியுங்களா? மெஷின் கொள்ளளவு அவ்வளவுதான்னு அர்த்தம். வாசல்ல சாக்கு சாக்கா இலை சூடேறிச் செவந்துட்டுக் கெடக்குதுன்னு அர்த்தம்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வர்றேனுங்க. சும்மா ஓரமா நின்னு பாக்கறேன்" என்றார்.

வந்தார். ஸ்வெட்டர், மஃப்ளர், அதற்குமேல் நாங்கள் கொடுத்த பச்சை அங்கி. சுவரோரம் நின்றார். ஒன்பது மணி வரைக்கும்தான் அந்த ஓரம். ஒன்பது மணிக்கு மாதண்ணன் கேத்திக்காரரை விட்டு நகர முடியவில்லை. குந்தாக்காரரின் மனைவி டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். குந்தாக்காரரைத் திருப்ப நான் தலைப்பக்கம், லெட்சுமியக்கா இடுப்புப் பக்கம். காலுக்கு ஆள் இல்லை.

"அய்யா, வந்து அந்தக் காலப் புடிங்க" என்றார் அக்கா.

அக்கா யாரைச் சொல்கிறார் என்று செயலாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஒங்களத்தாங்க அய்யா. மொழங்காலுக்குக் கீழ ஒரு கை, மேல ஒரு கை. நான் மூணு சொன்னப்பொறகு."

பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குந்தாக்காரர் திரும்பினார். அதற்கப்புறம் செயலாளருக்குச் சுவரோரம் போக வாய்ப்பே வரவில்லை. விரிப்பின் மறுமுனையை இழுத்தார், சிலிண்டர் வண்டியைத் தள்ளினார், வாளி எடுத்து வந்தார். பதினொரு மணிக்கு யாரும் கூப்பிடாமலே நாலாம் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"லெட்சுமி, இன்னிக்கு எத்தனை பேருன்னு எழுதுவீங்க?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க மூணு பேரு, மூணு. அய்யா இன்னைக்குத்தானே மொத நாளு. ஒங்களுக்கு அரைப் பேரு போடலாம்."

மாதண்ணன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாளோடு வேலை முடிகிற ஆள் பேசுகிற பேச்சா இது? ஆனால் செயலாளர் சிரித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"அரைப் பேருன்னா அரைப் பேருதானுங்க. என்னையும் சேத்து மூணரை. அப்பவும் வட்டம் எத்தனை விழுந்துச்சு?"

எண்ணினேன். "ஒம்போதுங்க."

பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, சிஸ்டர் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். "எங்கிருந்து எடுக்கறதுன்னு நான் பாத்துக்கறேன். லெட்சுமி நாளன்னிக்கும் வரட்டும். நிரந்தரத்துக்குக் காகிதம் வரும். இன்னொரு ஆளும் போட்டுக்கலாமுங்க." அங்கியைக் கழற்றித் தானே மடித்துவைத்துவிட்டுப் போனார். லெட்சுமியக்கா கதவு மூடுகிற வரைக்கும் நிமிர்ந்து நின்றார். மூடியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்னிடம் கேட்ட பெண்ணே, உன் கேள்விக்கு இதுதான் பதில். தேயிலை விலை பிற்பாடு ஏறத்தான் செய்தது. கட்டிலின் கனம் இறங்கவில்லை. வருகிறவர்களுக்கு வயது கூடிவிட்டது, ஒருவருக்கே மூன்று நோய், ஒரு கட்டிலைச் சுற்றி நாலு மெஷின். நான் ஓய்வு பெறும்போது பகலில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்தும் போதாமல் போன நாட்கள் உண்டு. உன் இடுப்பில் குறையில்லை. கட்டிலை எண்ணாதே, அதில் படுத்திருப்பவர்களை அள. செய்ததை எழுது, விட்டதை அதைவிடப் பெரிதாக எழுது. அதைக் கேட்டுத் திட்டுகிறவர்கள் இருப்பார்கள், திட்டட்டும். எழுதாத வேலைக்கு யாரும் ஆள் தரமாட்டார்கள்.

நாலாவது ஆள் வந்து சேர்ந்தது அடுத்த மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்குள் குந்தாக்காரரின் முதுகுச் சிவப்பு ஆறியிருந்தது. முந்தின வாரம் மெஷினை எடுத்துவிட்டார்கள். தோளை அசைக்கவும் மெல்லிய குரலில் பேசவும் ஆரம்பித்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு நாலு பேரும் நாலு பக்கம் நின்று திருப்பினோம். ஒரு முக்கல் முனகல் இல்லை. அவர் கண்ணைத் திறந்து பார்த்து, "என்னங்க, திருப்பியாச்சுங்களா?" என்றார்.

அன்று மூன்று மணிக்குத் தாளை எடுத்தேன். ஒன்றாம் கட்டிலிலிருந்து ஆறாம் கட்டில் வரை போனேன். வட்டம் போட ஒன்றும் அகப்படவில்லை. எதையோ மறந்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். விரிப்புகளைத் தூக்கிப் பார்த்தேன், வாய்களைப் பார்த்தேன், முதுகுகளைப் பார்த்தேன். மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பும்போது லெட்சுமியக்கா முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"என்னா இன்னும் தேடுற? எல்லாம் முடிஞ்சிருச்சு புள்ள. வா, தேத்தண்ணி குடிப்பம்."

நாலு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். தேநீர் சூடாக இருந்தது. ஆறுவதற்குள் குடித்து முடித்தோம்.